காற்றடித்த கறுப்பு உடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். நாள் முழுக்க யூடியூபில் ஆங்கில மியூசிக் வீடியோக்கள்தான். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். ராப் என்றால் ஆண்கள் கையை நீட்டி நீட்டிப் பேசுகிறார்கள், சுற்றிலும் பெண்கள் ஆடுகிறார்கள். அந்தப் பெண்களுக்கு முகமே இல்லை, இடுப்புதான் இருக்கிறது. கேட்டால், "அது அந்த ஜானர்மா, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். என்னைச் சமாதானப்படுத்த ஷனாயா ட்வெய்னின் வீடியோ ஒன்றைக் காட்டினாள். அவர் முன்னால் நின்று பாட, பின்னால் ஆண்கள் பொம்மை மாதிரி நிற்கிறார்கள். "பாத்தியா, பழிக்குப் பழி!" என்றாள். சிரித்தேன். ஆனால் மனம் நிறையவில்லை. ஆளை இடம் மாற்றி நிறுத்தினால் போதுமா? ஒரு ஜானருக்குள், அதாவது ஒரு இசை வகைக்குள், இருந்துகொண்டே அதன் வழக்கத்தை உடைக்க முடியாதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் காட்டியது, பால் ஹன்டர் இயக்கி 1999இல் வந்த ‘மேன்! ஐ ஃபீல் லைக் எ உமன்!’ வீடியோ. அதைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். மீதிப் பாதி 1986இல் வந்த, பாடகர் ராபர்ட் பாமரின் ‘அடிக்டட் டு லவ்’ வீடியோவில் இருக்கிறது. டெரன்ஸ் டோனவன் என்ற ஃபேஷன் புகைப்படக்காரர் எடுத்தது. பாமர் சட்டையும் டையுமாக நின்று பாடுவார். அவருக்குப் பின்னால் ஐந்து பெண்கள். ஒரே மாதிரி கறுப்பு உடை, வெளுத்த முகம், சிவந்த உதடு, வாரி இழுத்த கூந்தல். கையில் வாத்தியம் இருக்கும், முகத்தில் எதுவும் இருக்காது. ஷனாயா இந்தக் காட்சியை அப்படியே எடுத்து ஆண்களை அங்கே நிறுத்தினார்.

இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். அவர் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் பாடுபவர். அந்த உலகத்துக்குள் ஒரு பாப் வீடியோவின் பகட்டைக் கொண்டுவந்து, பெண்களை வைத்து எடுத்தபோது யாருக்கும் உறுத்தாத ஒன்றை உறுத்த வைத்தார். இருந்தாலும் உங்கள் மனக்குறை நியாயமானது. பாட்டு ஒருவருக்குச் சொந்தம், மற்றவர்கள் அலங்காரம் என்ற ஏற்பாடு அங்கே அப்படியே இருக்கிறது.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் மிஸ்ஸி எலியட் என்ற அமெரிக்கப் பெண் ராப்பர். முதலில் 1993இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ரேவன் சிமோனே என்ற குழந்தை நட்சத்திரம் பாடிய ஒரு பாட்டில் மிஸ்ஸியின் ராப் வருகிறது. வீடியோவில் அந்த இடத்தில் தெரிவது வேறொரு பெண், ஒல்லியானவர். மிஸ்ஸியின் குரலுக்கு அவர் வாயசைத்தார். தன் தோற்றம் அவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதை மிஸ்ஸியே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாமல் போகலாம். குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்பது நம் சினிமாவில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு, பாடியவர் பெயரையும் போட்டுவிடுகிறோம். ராப் அப்படிப்பட்டதில்லை. ‘இது நான், இது என் பேச்சு’ என்று சொல்வதுதான் அதன் ஆதாரமே. அங்கே குரலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தினால், அந்தக் கலைக்குள்ளேயே அவரை இல்லாமல் ஆக்குவது போல.

நான்கு வருடம் கழித்து, 1997இல், மிஸ்ஸி தன் சொந்தப் பெயரில் முதல் வீடியோவோடு வந்தார்: ‘தி ரெயின்’. இயக்கியவர் ஹைப் வில்லியம்ஸ். நீங்கள் பார்த்துச் சலித்த வகை வீடியோக்களுக்கு அன்றைக்கு இலக்கணம் வகுத்துக்கொண்டிருந்தவரே அவர்தான். காட்சியை உருண்டையாக வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ், பளபளக்கும் உடை, லென்ஸை முட்டுகிற மாதிரி நீளும் கை எல்லாம் அவருடைய முத்திரைகள். மிஸ்ஸி அவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே இயக்குநர், அதே லென்ஸ். உடம்பில் மட்டும் காற்றடித்து உப்பவைத்த ஒரு கறுப்பு உடை. கழுத்திலிருந்து கால் வரை பளபளவென்று, குப்பை போடும் பெரிய கறுப்புப் பை ஒன்று உயிர் பெற்று ஆடுகிற மாதிரி இருக்கும்.

அந்த உடையை ஜூன் ஆம்ப்ரோஸ் வடிவமைத்தார். அதற்குள் மிஸ்ஸியை நிறுத்தி, பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கும் காற்றை அடித்தார்களாம். அப்புறம் காருக்குள் ஏற முடியாமல் நடந்தே போனதாக மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஒருமுறை உடம்பின் அளவைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட பெண், அந்த அளவை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு தெருவில் நடந்து போகிறார்.

இப்போது கேமராவைக் கவனியுங்கள். முகம் இல்லை, இடுப்புதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வீடியோக்களில் கேமரா பெண்ணைத் துண்டு துண்டாக எடுக்கும். உதடு ஒரு ஷாட், தொடை ஒரு ஷாட். இந்த உடைக்குள் இடுப்பு எங்கே என்று கேமராவுக்குத் தெரியாது. வெட்டி எடுக்க எதுவும் கிடைக்காமல் முழு ஆளையும் பார்த்தாக வேண்டும். லென்ஸ் அவரை இன்னும் உருட்டிக் காட்டுகிறது, அவர் வெட்டி வெட்டி அசைகிறார். இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டின் தாளத்துக்கு நடுவே, ஆன் பீபிள்ஸ் 1973இல் பாடிய மழைப் பாட்டின் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அந்த வீடியோவில் லில் கிம் என்ற பெண் ராப்பர் தலைகாட்டுகிறார். முந்தைய வருடம்தான் தன் முதல் ஆல்பத்தில் உடல் கவர்ச்சியைத் தயங்காமல் முன்னே வைத்தவர். மிஸ்ஸி அவரை ஒதுக்கவில்லை. ‘நான் அப்படிப்பட்டவள் இல்லை’ என்று மற்ற பெண்களைக் கீழே தள்ளி மேலே ஏறுகிற வேலை அங்கே இல்லை. டா பிராட், யோ-யோ என்று மற்ற பெண் ராப்பர்களும் உண்டு. ஒவ்வொருவரும் அவரவர் விரும்பிய உடையில், அவரவர் முகத்தோடு வருகிறார்கள்.

ராப்பில் மட்டும்தான் இது நடந்தது என்றில்லை. 1983இலேயே பாப் பாடகி ஆனி லெனாக்ஸ், ஒட்ட வெட்டிய ஆரஞ்சு முடியும் ஆண்களின் சூட்டுமாக ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ வீடியோவில் கேமராவை நேருக்கு நேர் பார்த்தார். மறு வருடம் கிராமி விருது மேடைக்குப் பழைய ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வேடத்திலேயே வந்தார். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

‘அது அந்த ஜானர்’ என்று மகள் சொல்கிறாள், இல்லையா? அந்த ஜானருக்கு உருவம் கொடுத்தவர்களில் மிஸ்ஸியும் ஒருவர் என்று அவளிடம் சொல்லுங்கள். இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் 2023இல் சேர்க்கப்பட்டார்; அங்கே இடம்பெற்ற முதல் பெண் ராப்பர் அவர்தான். இடுப்பைக் காட்டும் வீடியோக்கள் எப்படி ராப்போ, காற்றடித்த உடையும் அப்படியே ராப்.

வீடியோக்களைத் தடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். முதலில் 1993இல் வந்ததைப் போட்டு, மிஸ்ஸியின் குரல் வரும் இடத்தில் யார் வாயசைக்கிறார் என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து ‘தி ரெயின்’. அதை ஒரு தடவை சத்தமில்லாமல் ஓட்டிவிட்டு, மறுபடி சத்தத்தோடு பாருங்கள். அவளுக்கு என்ன தோன்றியது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். பதில் போடுகிறேன்.

அன்புடன்