பரணில் கிடைத்த மர்பி ரேடியோ: முன்பணம் கேட்பவரை முதலில் அனுப்பிவிடுங்கள்

கேள்வி: தாத்தாவின் மர்பி வால்வு ரேடியோ பரணில் கிடைத்தது. பார்க்க வந்த ஒருவர், இது 1922-இல் லண்டனில் செய்தது, உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். நம்பலாமா? கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். 1922-இல் மர்பி கம்பெனியே கிடையாது. ஃபிராங்க் மர்பியும் ஈ. ஜே. பவரும் அதை 1929-இல்தான் தொடங்கினார்கள், அதுவும் லண்டனில் இல்லை, அதற்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில். முதல் செட்டான பி4, பேட்டரியில் ஓடுவது, 1930-இல்தான் வந்தது.

சிவப்புப் பாதரசம் என்பது சுத்தப் புளுகு. வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளி மாதிரி மினுங்குகிறதே, அது பேரியம் என்ற உலோகம். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளப் பூசியது. இதை நம்பி நல்ல வால்வுகளை உடைத்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். புகார் கொடுக்கப் போனால் 'ஆசைப்பட்டது நீங்கள்தானே' என்று நமக்கே உபதேசம் நடக்கும், அதற்குள் அந்த ஆள் அடுத்த ஊரில் அடுத்த பரணுக்கு ஏணி போட்டிருப்பான்.

இத்தனைக்கும் ஃபிராங்க் மர்பிக்கு இந்த மாதிரி வியாபாரமே ஆகாது. தேர்ந்தெடுத்த கடைக்காரர்களுக்கு மட்டும்தான் சரக்கு கொடுத்தார். விளம்பரத்தில் பைப்போடு தன் முகத்தையே போட்டார். 1937-இல் கம்பெனியை விட்டே போய்விட்டார், பவர் தொடர்ந்து நடத்தினார். 1962-இல் அது ரேங்க் நிறுவனத்தின் கைக்குப் போய், அவர்களுடைய இன்னொரு ரேடியோ கம்பெனியான புஷ்ஷோடு சேர்ந்தது.

உங்களுடையது இங்கிலாந்தில் செய்ததா, இங்கே இந்தியாவில் செய்ததா? பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். டயலில் ட்ராய்ட்விச் (இங்கிலாந்தின் பிபிசி ஒலிபரப்பு நிலையம்) என்று இருந்தால் இங்கிலாந்து வீடுகளுக்காகச் செய்தது. விரலை உதட்டில் வைத்த குழந்தையை வைத்து விளம்பரம் செய்தது பம்பாய் மர்பி. அது ஒன்றும் மட்டமில்லை, விலைதான் வேறு. வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் மர்பிக்காக ஆர். டி. ரஸ்ஸல் வடிவமைத்த பெட்டிகளுக்கு மதிப்பே அந்தப் பழைய மரப்பூச்சில்தான்.

சரி, கரண்ட் விஷயம். வேண்டாம், இப்போது வேண்டாம். உள்ளே இருக்கும் மெழுகுக் காகித மின்தேக்கிகள் இத்தனை வருஷத்தில் மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பித்திருக்கும், அவற்றை மாற்றாமல் சொருகினால் வால்வும் போகும், டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

அதைவிட முக்கியம், மாடல் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள். பிரிட்டிஷ் மர்பியில் ஏ மட்டும் என்றால் ஏசி, பி என்றால் பேட்டரி. ஏடி என்றோ, போருக்குப் பின் வந்தவற்றில் யு என்றோ இருந்தால் ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் செட். அந்த வகையில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே கரண்ட் லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். குமிழ் உடைந்து வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொட்டாலே போதும். குமிழ் நன்றாக இருந்தாலும் அதன் சின்னத் திருகு வெளியே தெரிந்தால் அதுவும் ஆபத்துதான், அதனால்தான் அந்தக் காலத்தில் திருகின் மேல் மெழுகு வைத்து அடைத்தார்கள். சுவிட்சை அணைத்துவிட்டோமே என்றும் நினைக்காதீர்கள், ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சுவிட்சாக இருந்தால் மற்றக் கம்பி துண்டிக்கப்படாமல் அப்படியே இருக்கும். எழுத்து அழிந்திருந்தாலோ, இங்கே செய்த செட்டாக இருந்தாலோ, இந்த ஆபத்தான வகை என்றே வைத்துக்கொண்டு வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவர் முதல் வேலையாகக் கரண்டில் சொருகிப் பார்க்கப் பிளக் பாயிண்ட்டைத் தேடினால், வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.