இரவு ஷிப்டில் ஒருவர் விழுந்தால் முதல் 10 விநாடி யாருடையது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் தையல் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்ற மாதம் இரவு ஷிப்டில் உடன் வேலை செய்தவர் திடீரென விழுந்துவிட்டார். சோடா தெளித்தோம், தூக்கி உட்கார வைத்தோம், காரில் கொண்டு ஓடினோம். காப்பாற்ற முடியவில்லை. இப்போது நிர்வாகம் என்னை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புகிறது. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியின் காணொளிகள் பல பார்த்துவிட்டேன். வகுப்பில் அதற்கு மேல் என்ன கிடைக்கும்? நான் அழுத்தி விலா எலும்பு உடைந்தாலோ, ஆள் இறந்துவிட்டாலோ பழி என்மேல் வருமா?

பதில்: அந்த இரவின் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம். பயிற்சி இல்லாத எவரும் செய்திருக்கக்கூடியதைத்தான் செய்தீர்கள். நீங்கள் விட்டு ஓடவில்லை.

காணொளி உங்கள் கண்ணுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கை இன்னும் கற்கவில்லை. நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்று ஒப்பிப்பது எளிது. பயிற்சி பொம்மையின் முன் மண்டியிட்டு அழுத்தும்போதுதான் 5 செ.மீ. எவ்வளவு ஆழம் என்று தெரியும். ஏறக்குறைய எல்லோரும் முதலில் பயந்து பயந்து மேலோட்டமாகவே அழுத்துவார்கள். முழங்கையை மடக்காமல் தோளின் எடையை இறக்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலெழ விட வேண்டும், அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிறையும். 2 நிமிடத்தில் 200 முறைக்கு மேல் அழுத்திவிட்டால் நல்ல உடற்கட்டு உள்ளவருக்கும் கை தளரும். அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறோம்.

ஆனால் இதைவிடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது: இதயம் நின்றுவிட்டது என்று கண்டுகொள்வது. இதயம் நின்ற சில நொடிகளில் கைகால் வெட்டி இழுக்கலாம். உடனே யாரோ வலிப்பு என்பார், சாவிக்கொத்து தேடுவார்கள். வலிப்புக்கே இரும்பு உதவாது. இங்கே நேரமும் போய்விடும். அடுத்து, கரையில் போட்ட மீனைப்போல வாய் திறந்து மூடும், குறட்டை போல ஓர் இழுப்பு, சிறிது இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. ‘மூச்சு இருக்கிறது’ என்று கூட்டம் நிம்மதி அடைவது இந்த இடத்தில்தான். அது மூச்சே அன்று. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் 10 விநாடிக்குள் முடிவெடுத்து அழுத்தத் தொடங்குங்கள். சி.பி.ஆர். இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. உட்கார வைக்காதீர்கள், வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். ஓடும் காருக்குள் சரியாக அழுத்தவே முடியாது. விழுந்த இடத்திலேயே, கெட்டியான தரையில் மல்லாத்திச் செய்யுங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் மட்டும், தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கியே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். திடீரென விழும் பெரியவருக்கு, பயிற்சி பெறாதவர் நெஞ்சை அழுத்தினாலே போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் அழுத்தம் மட்டுமே கொண்டது. நீங்கள் பயிற்சி பெறப் போகிறவர். 30 அழுத்தம், 2 மூச்சு என்பதையும் கற்றுக்கொண்டு வாருங்கள். கிணற்றில் விழுந்தவர், தூக்கில் தொங்கியவர், குழந்தை ஆகியோருக்கு மூச்சு கொடுப்பது மிக முக்கியம்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் இரண்டும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்? நாற்பது பேருக்கு ஒரே பொம்மை என்றால் அது சொற்பொழிவு. ஒவ்வொருவரும் 2 நிமிடமாவது அழுத்த வேண்டும், தவறைத் திருத்த ஆள் அருகில் இருக்க வேண்டும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியையும் தொட்டுப் பழகுங்கள். அது குரலால் வழிகாட்டும். தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுக்காது.

விலா எலும்பு உடையலாம், முதியவர்களுக்கு அடிக்கடி உடைகிறது. சத்தம் கேட்டால் கை வைத்த இடம் சரியா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். எலும்பு சில வாரங்களில் கூடிவிடும்.

சட்டத்தைப் பற்றிய பயமும் நியாயமானதே. சாலை விபத்தில் உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. அது 2019 திருத்தத்தில் சேர்ந்தது. தொழிற்சாலைக்குள் அது பொருந்தாது. ஆனால் சம்மதம் தரமுடியாத நிலையில் கிடப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் உதவி குற்றமாகாது என்பதே குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவின் சாரம். முறையாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொடும்போது அவர் இதயம் ஏற்கெனவே நின்றிருக்கிறது. அதைவிட மோசமான நிலைக்கு உங்கள் கை அவரைத் தள்ள முடியாது.

சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். சில மாதங்களிலேயே கை மறக்கத் தொடங்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் பொம்மையில் அழுத்திப் பார்க்க நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்களை மட்டும் அனுப்பினால் போதாது என்றும் சொல்லுங்கள். ஷிப்டுக்கு இருவராவது வேண்டும், நீங்கள் விடுப்பில் இருக்கும் இரவும் வரும். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் 108-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கட்டும். மூன்றாமவர் கேட்டைத் திறந்து வைத்துத் தெருமுனையில் நிற்கட்டும். அந்த மூன்றாமவர் யார் என்று வகுப்புக்குப் போகும் முன்பே, இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள்.