பையர் கேட்கும் உத்தரவாதம்: எதற்குக் கையெழுத்திடலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து வருகிறேன். என் கம்பெனியில் 180 பேர் வேலை செய்கிறார்கள். நூலை மில்லில் வாங்கி, நிட்டிங், டையிங், பிரிண்டிங் ஆகியவற்றை ஜாப் ஒர்க்காக வெளியே கொடுக்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கும்போது பவர் டேபிள்காரர்களிடம் (கூலிக்குத் தைத்துத் தரும் சிறு தையல் கூடங்களிடம்) தைக்கக் கொடுப்பதும் உண்டு. ஒன்பது ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் ஜெர்மன் பையர் இப்போது புதிய ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, 30 நாளுக்குள் கையெழுத்திடச் சொல்கிறார். பருத்தி வயல் முதல் பேக்கிங் வரை எந்தக் கட்டத்திலும் மனித உரிமை, சுற்றுச்சூழல் மீறல் இல்லை என்று நான் உத்தரவாதம் தர வேண்டுமாம். மீறல் தெரியவந்தால் அவர்களின் முழு இழப்பையும் நான் ஈடுசெய்ய வேண்டும், ஒப்பந்தத்தை அவர்கள் உடனே ரத்து செய்யலாம், ஆடிட் செலவும் என்னுடையது. கூடவே நீண்ட கேள்விப் படிவமும், தொழிலாளர்களின் பெயர், போன் நம்பர், ஆதார் விவரம் கேட்டு ஒரு பட்டியலும் வந்துள்ளன. நண்பர்கள், “எல்லாத்துக்கும் எஸ் போட்டு அனுப்பு, ஐரோப்பாவிலேயே சட்டத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க” என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: தாங்கள் விவரித்துள்ள வடிவில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். ஆனால் பதில் அனுப்பாமலும் இருக்க வேண்டாம். எல்லாக் கேள்விக்கும் ‘எஸ்’ போடுவது இந்த இரண்டையும்விட ஆபத்தானது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஜெர்மனியின் விநியோகச் சங்கிலி கவனக் கடமைச் சட்டம் 2021இல் நிறைவேறி, 2023 ஜனவரி 1 முதல் 3,000 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கும், 2024 ஜனவரி 1 முதல் 1,000 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. இந்த எண்ணிக்கை ஜெர்மனியில் உள்ள ஊழியர்களைக் குறிக்கும். ஆகவே அந்தச் சட்டம் 180 பேர் வேலை செய்யும் திருப்பூர் கம்பெனியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதை அமல்படுத்தும் பாஃபா என்ற ஜெர்மன் மத்திய அலுவலகம் தங்களுக்கு அபராதம் விதிக்கவும் முடியாது. அந்த அதிகாரம் தங்கள் பையர் மீதுதான் செல்லும். ஆண்டு விற்பனை 40 கோடி யூரோவைத் தாண்டும் நிறுவனங்களுக்கு, கடுமையான மீறல்களில் உலகளாவிய விற்பனையில் 2 சதவீதம் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. பையரின் பதற்றத்துக்குக் காரணம் இதுதான். ஆனால் சட்டம் தங்களைத் தொடாவிட்டாலும், கையெழுத்திட்ட ஒப்பந்தம் தங்களைத் தொடும். அந்த ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதைத்தான் முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

அச்சட்டம் பையரிடம் கேட்பது முயற்சி, முடிவுக்கான உத்தரவாதம் அன்று. ஆண்டுதோறும் இடர்களை ஆராய்வது, தடுப்பு நடவடிக்கை எடுப்பது, நேரடிச் சப்ளையரிடம் மீறல் தெரிந்தால் அதைத் தீர்க்கத் திட்டம் வகுப்பது, தொழிலாளர்கள் புகார் செய்ய வழி வைப்பது, இவற்றையெல்லாம் ஆவணப்படுத்துவது ஆகியவையே அவருடைய கடமைகள். நேரடிச் சப்ளையருக்கு அப்பால் இருக்கும் மில், சாயப்பட்டறை போன்றவை குறித்து, மீறல் நடந்திருக்கலாம் என்பதற்கு உறுதியான தகவல் கிடைத்தால் மட்டுமே அவர் செயல்பட வேண்டும். சங்கிலி முழுவதும் குற்றமற்றது என்று பையரே யாருக்கும் உறுதி கூற வேண்டியதில்லை. அப்படியிருக்க, அந்த உறுதியைத் தங்களிடம் எழுதி வாங்குவது, அவருடைய அரசு அவர் தலையில் வைக்காத சுமையைத் தங்கள் தலையில் இறக்கிவைப்பதாகும். கடமைகளை அப்படியே சப்ளையருக்குக் கைமாற்றிவிட முடியாது என்பதை பாஃபாவே 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. பதில் கடிதத்தில் அந்த வழிகாட்டியைக் குறிப்பிடுங்கள். வாங்கும் பிரிவில் இருப்பவர் அதைப் படித்திருக்க மாட்டார். அவருடைய சட்டப் பிரிவு படித்திருக்கும்.

உடனடி ரத்து என்ற பிரிவுக்கும் இதே பதில்தான். மிகக் கடுமையான மீறல் நடந்து, திருத்தும் திட்டம் குறித்த காலத்தில் பலன் தராமல், மென்மையான வேறு வழியும் இல்லாதபோதுதான் வணிக உறவை முறிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 7ஆவது பிரிவு சொல்கிறது. எனவே “மீறல் தெரியவந்தால் எழுத்து மூலம் தெரிவித்து, இருவரும் சேர்ந்து திருத்தத் திட்டம் வகுத்து, குறைந்தது 90 நாள் அவகாசம் தரப்படும், அதன்பின்னரே ரத்து” என்று மாற்றக் கேளுங்கள். வாங்கும் முறைகளையும் பையர் சீரமைக்க வேண்டும் என்று 6ஆவது பிரிவு எதிர்பார்க்கிறது. கடைசி நேரத்தில் டிசைனை மாற்றிவிட்டு ஷிப்மென்ட் தேதியை மட்டும் மாற்றாமல் வைப்பதுதான் ஓவர்டைமையும் பவர் டேபிளையும் தேட வைக்கிறது என்பது தங்களுக்கே தெரியும். ஆகவே ஆர்டர் உறுதியான பின் செய்யும் மாற்றங்களுக்கு ஏற்ப டெலிவரி தேதியும் விலையும் திருத்தப்படும் என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது.

இனி, தள்ளி வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு. அது பாதி உண்மை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கவனக் கடமை நெறிமுறை, முதலில் 1,000 ஊழியர்களும் 45 கோடி யூரோ விற்பனையும் தாண்டும் நிறுவனங்களுக்கென வகுக்கப்பட்டது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் கவுன்சிலும் எட்டிய உடன்பாடு அந்த வரம்பை 5,000 ஊழியர்கள், 150 கோடி யூரோ என உயர்த்தி, நிறுவனங்கள் இணங்க வேண்டிய காலத்தை 2029 ஜூலைக்குத் தள்ளியது. ஜெர்மன் அரசும் தன் சட்டத்தில் உள்ள அறிக்கைக் கடமையை நீக்க 2025இல் முன்வந்தது. ஆனால் நீக்க முனைந்தது அறிக்கையைத்தான். கவனக் கடமை நிற்கிறது.

தங்கள் நண்பர்கள் கவனிக்காத மற்றொரு சட்டம் இருக்கிறது. கட்டாய உழைப்பில் உருவான பொருள்களைத் தடை செய்யும் ஐரோப்பிய ஒழுங்குமுறை 2027 டிசம்பர் 14 முதல் பொருந்தும். அதில் ஊழியர் எண்ணிக்கை வரம்பே இல்லை. அது நிறுவனத்தைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கிறது. தடை விழுந்தால் சரக்கு சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்படும். மூன்று ஆண்டு முடிந்த பிறகே மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ நம் பகுதி மில்களுக்கு வாங்கித் தந்த பெயர் இன்னும் அழியவில்லை. நூல் எந்த மில்லிலிருந்து வருகிறது, அங்கே ஹாஸ்டல் 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா, பெண்கள் வேலை நேரம் போக வெளியே சென்றுவர முடிகிறதா, சம்பளம் மாதாமாதம் அவரவர் வங்கிக் கணக்குக்கு முழுமையாகச் செல்கிறதா என்பதை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வெளிமாநிலத் தொழிலாளர்களை ஏஜென்ட் வழியாக எடுப்பவர்கள், அந்த ஏஜென்ட் முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறாரா, அடையாள அட்டைகளை வாங்கிப் பூட்டி வைக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ‘எஸ்’ விஷயத்துக்கு வருகிறேன். உண்மையல்ல என்று தெரிந்தே “சப்கான்ட்ராக்ட் கிடையாது” என்று எழுதிக் கொடுத்தால், நம் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 17ஆவது பிரிவின்படி அது மோசடி ஆகும்; 19ஆவது பிரிவின்படி எதிர்த் தரப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், இழப்பீடும் கேட்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லி, திருத்த ஆறு மாதம் கேட்பவருக்கு மேலே சொன்ன ஜெர்மன் சட்டத்தின் 7ஆவது பிரிவு துணை நிற்கும். மறைத்தவர் அதைக் காட்டி வாதாடுவது கடினம். சான்றிதழ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த ஆடைத் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலத் தரச் சான்றிதழ் பெற்றிருந்தது.

தங்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. சம்பளம், தொழிலகப் பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவற்றில் ஜெர்மன் சட்டம் பெரும்பாலும் வேலை நடக்கும் நாட்டின் சட்டத்தையே அளவுகோலாகச் சுட்டுகிறது. அதாவது பெர்லினில் எழுதிய சட்டம் சுற்றிவந்து நம் ஊர்ச் சட்டத்திடம்தான் நிற்கிறது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டும்போது அந்த அரை ஷிப்டுக்கு இரட்டிப்புக் கூலி தரப்படுகிறதா? பீஸ் ரேட்டில் வேலை செய்பவரின் சனிக்கிழமைக் கூலி, கணக்குப் பார்த்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகிறதா? கான்ட்ராக்டர் வழியாக வருவோருக்கு பிஎஃப், இஎஸ்ஐ கட்டப்படுகிறதா? கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் அந்தப் பொறுப்பு முதன்மை முதலாளியான தங்களிடம் வந்து சேரும் என்பது பையர் கேட்காவிட்டாலும் உண்மை. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான உள்ளகக் குழு கட்டாயம் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பல கம்பெனிகளில் அது சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியலாக மட்டுமே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சாயப்பட்டறையைப் பொறுத்தவரை நாம் பாடம் கற்ற ஊர். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்தது குறித்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாங்கள் டையிங் கொடுக்கும் பட்டறையின் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இயக்க இசைவாணையின் நகலும், பொதுச் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் சான்றும் தங்கள் கோப்பில் இருந்தால், கேள்விப் படிவத்தின் தண்ணீர் பற்றிய பகுதியில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையாகவே பதில் எழுத முடியும்.

உத்தரவாதப் பிரிவைப் பின்வரும் பொருளில் திருத்தித் தரலாம்: “எங்கள் சொந்தத் தொழிற்கூடத்தில் இந்தியச் சட்டங்களைக் கடைப்பிடிப்போம், இணைப்பில் பெயர் குறிப்பிட்ட நேரடி ஜாப் ஒர்க் நிறுவனங்களிடம் இதே உறுதியைப் பெற நியாயமான முயற்சி எடுப்போம், அவற்றுக்கு அப்பால் எங்களுக்குத் தெரியவரும் தகவலைத் தெரிவிப்போம்.” இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வேண்டும், அந்த ஆர்டரின் மதிப்பைத் தாண்டாதபடி வையுங்கள். ஆடிட் செலவு குறித்து, சிறு, நடுத்தர நிறுவனங்களிடம் நடத்தப்படும் மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பின் செலவை வாங்கும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறை கூறியதை எடுத்துக்காட்டுங்கள். அது இன்று பையரைக் கட்டாயப்படுத்தாது என்றாலும், பேரத்துக்கு வலுவான ஆதாரம்.

தொழிலாளர் பட்டியலை அப்படியே அனுப்பாதீர்கள். போன் நம்பரும் ஆதார் எண்ணும் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விவரங்கள். அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு தங்களுடையது. ஆண், பெண், வயதுப் பிரிவு, ஊர், வேலைப் பிரிவு வாரியாக எண்ணிக்கையைக் கொடுத்தாலே இடர் ஆய்வுக்குப் போதும். ஆடிட்டர் நேரில் வந்து பதிவேட்டைப் பார்க்கலாம், நகல் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்ற வரியையும் கேள்வியில் குறிப்பிடாமல் விட்டிருக்கிறீர்கள். அதை எனக்கு அனுப்புங்கள். ஜெர்மன் நீதிமன்றத் தீர்ப்பை உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி இங்கே நேராக நிறைவேற்ற முடியாது. இங்கே புதிதாக வழக்குப் போட்டாக வேண்டும். ஆனால் ஜெர்மனியில் நடந்த நடுவர் மன்றத்தின் தீர்ப்பை, 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் இரண்டாம் பகுதிப்படி, மிகக் குறைந்த ஆட்சேபங்களுக்கே இடமளித்து, இங்குள்ள நீதிமன்றம் நிறைவேற்றிவிடும். அந்த வரியில் நடுவர் மன்றம் என்று இருந்தால், இடத்தைச் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ மாற்றக் கேட்பது செலவளவிலாவது உதவும். 30 நாள் முடியும்வரை காத்திருக்காமல், ஒப்பந்தத்தைப் பரிசீலித்து வருவதாகவும் திருத்தங்களை இன்ன தேதிக்குள் அனுப்புவதாகவும் இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் “ஒப்புக்கொள்கிறோம்” என்ற சொல் எந்த வடிவிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஒப்பந்தம் வந்த பின் ஏற்கும் ஆர்டர்களிலும், பழைய நிபந்தனைகளே பொருந்தும் என்று ஒரு வரி எழுதிவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.