தண்டப்பணத்தோடு முடியுமா?

கேள்வி: கனடாவில் நிரந்தர வதிவுரிமை உள்ள என் தம்பி மதுபோதையில் கார் ஓட்டிப் பிடிபட்டான். முதல் தடவைதான். குற்றத்தை ஒப்புக்கொண்டு 1000 டொலர் கட்டினால் விஷயம் முடிந்துவிடும் என்கிறார்கள். சரியா?

– வாசகர், ஸ்காபரோ

பதில்: அவசரப்பட வேண்டாம். 2018 டிசம்பர் 18 முதல் இந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 10 ஆண்டு. குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கிடைத்த தண்டனையை மட்டுமல்ல, கிடைக்கக்கூடிய உச்சத்தையும் பார்க்கிறது. ஆகவே வெறும் தண்டப்பணம் என்றாலும் அது ‘பாரதூரமான குற்றம்’தான்; வெளியேற்ற உத்தரவு வரலாம். ஆபத்தாக ஓட்டியதாக மாற்றி ஒப்புக்கொள்வதும் பலன் தராது, அதற்கும் உச்சம் 10 ஆண்டுதான். ஒன்ராறியோ போக்குவரத்துச் சட்டத்தின் கவனயீனக் குற்றமாகக் குறைக்க முடிந்தால் 36ஆம் பிரிவு பொருந்தாது. அரசுத் தரப்பு லேசில் இணங்காது, ஆனாலும் கேட்டே பார்க்க வேண்டும்.

சிறை 6 மாதத்துக்குக் குறைவென்றால் உத்தரவு கிடைத்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 6 மாதமோ கூடவோ என்றால் அந்த உரிமையே இல்லை. தீர்ப்புக்கு முன் தடுப்பிலிருந்த நாட்களும் கணக்கில் சேரக்கூடும். குற்றவியல் சட்டத்தரணிகள் சிலர் வதிவுரிமை பற்றிக் கேட்பதே இல்லை. ஒப்புக்கொள்ளுமுன் தம்பியே சொல்லிவிடட்டும்.