விநியோக மையம் வருமா? வாசகர் கேள்வி – பதில்

பெரிய நிறுவனம் ஒன்றின் சரக்கு விநியோக மையத்தைத் தங்கள் நகரத்துக்குக் கொண்டுவரும் முயற்சி பற்றி உள்ளாட்சி உறுப்பினர்களும் நில உரிமையாளர்களும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில.

நெடுஞ்சாலையை ஒட்டி 100 ஏக்கர் காட்டினோம். வந்து பார்த்தவர்கள் 'நிலம் தயாராக இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் என்னதான் வேண்டும்?

பரப்பளவு இருந்தால் போதாது, வடிவமும் வேண்டும். 10 லட்சம் சதுர அடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தரை மட்டும் 23 ஏக்கர். பெரும்பாலும் 600 அடி அகலம், ஏறக்குறைய 1,670 அடி நீளம் என்று வரும். இரண்டு நீளப் பக்கங்களிலும் லாரி வந்து முதுகைக் காட்டி நிற்கும் மேடைகள் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் 185 அடி முற்றம் தேவை. லாரி திரும்புவதற்கு 130 அடி, எதிர்வரிசையில் டிரெய்லர் நிறுத்துவதற்கு மீதி. ஆக அகலம் மட்டும் 970 அடி. ஊழியர் வாகன நிறுத்தம், மழைநீர்க் குளம், எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்தால் 60 முதல் 65 ஏக்கர். கட்டடம் மனையில் 35 முதல் 40 விழுக்காட்டுக்கு மேல் போகாது. உங்கள் 100 ஏக்கர் நடுவில் ஒடுங்கியோ, ஓடை குறுக்கே ஓடியோ இருந்தால், நீள்சதுரமான 65 ஏக்கர் வைத்திருக்கும் பக்கத்து ஊர்தான் முந்தும்.

அடுத்தது சரிவு. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் நிலத்தில்கூட 2 விழுக்காடு சரிவு இருக்கலாம். 970 அடி அகலத்தில் அது 19 அடி உயர வித்தியாசம். மேட்டுப் பாதியை வெட்டிப் பள்ளப் பாதியை நிரப்பினாலே ஏறக்குறைய 1,10,000 கன மீட்டர் மண்ணைப் புரட்ட வேண்டும். 10 கன மீட்டர் டிப்பரில் 11,000 நடை. அப்படி நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காக இறுக்காமல் அவசரத்தில் கொட்டிவிட்டால் பிறகுதான் தொல்லை. தரைத்தளம் ஒரு பக்கம் அமர்ந்துவிடும், கான்கிரீட் விரியும். 36 அடி உயர அலமாரிகள் நிற்கும் இடத்தில் தரையில் சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலே ஃபோர்க்லிஃப்டின் உச்சி அதைப்போல் பல மடங்கு ஆடும். அதனால்தான் வருபவர்கள் மண் பரிசோதனை அறிக்கையை முதலில் கேட்கிறார்கள். சும்மா இரண்டு குழி தோண்டிப் பார்த்த அறிக்கை எடுபடாது. கட்டடம் வரும் பரப்பு முழுவதும் துளையிட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வில்லங்கம். உயர் அழுத்த மின்கம்பி குறுக்கே போகிறதா, எரிவாயுக் குழாய் புதைந்திருக்கிறதா, வெள்ளம் எதுவரை ஏறும், முன்பு அங்கே என்ன ஆலை இருந்தது என்பதெல்லாம் இதில் அடங்கும். பத்துப் பேருக்குச் சொந்தமான நிலமென்றால், பத்துப் பேரும் விலையையும் காலக்கெடுவையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட விற்பனை உடன்பாடு கையில் இருக்க வேண்டும். ஒன்பது பேர் சம்மதித்து, நடுவில் இருக்கும் ஒருவர் விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் அந்த நிலம் சந்தையில் இல்லை என்றே கொள்ளுங்கள்.

நகரங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? யாருக்கு அதிகச் சலுகை தர மனசிருக்கிறதோ அவர்களுக்குத்தானே?

சலுகை கடைசியில்தான் வருகிறது. தொடக்கத்தில் உங்களுக்கு நிறுவனத்தின் பெயரே தெரியாது. ஓர் ஆலோசனை நிறுவனம் புனைபெயரில் ஒரு திட்டத்தைச் சொல்லி, பல ஊர்களிடம் ஒரே நேரத்தில் விவரம் கேட்கும். அதற்கு முன்பே அவர்கள் வரைபடத்தில் கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். சரக்கு வரும் துறைமுகம் அல்லது ஆலை எங்கே, போய்ச் சேரும் கடைகளும் வீடுகளும் எங்கே, ஓர் ஓட்டுநர் சட்டம் அனுமதிக்கும் வேலைநேரத்துக்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியும் என்ற கணக்கு அது.

கிடங்கு நடத்துபவருக்கு வாடகையைவிடப் போக்குவரத்துச் செலவு பல மடங்கு. உங்கள் மனை சரியான இடத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 400 லாரி, போக வர 40 கிலோமீட்டர் கூடுதல். தினம் 16,000 கிலோமீட்டர், 300 வேலை நாளுக்கு 48 லட்சம் கிலோமீட்டர். டீசல், சம்பளம், டயர் என்று இது ஆண்டுதோறும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை தரும் சலுகை இதற்கு ஈடாகாது.

அமெரிக்கக் கூரியர் நிறுவனமான ஃபெடரல் எக்ஸ்பிரஸ் 1973 ஏப்ரலில் 14 விமானங்களுடன் மெம்ஃபிஸ் நகரிலிருந்து சேவையைத் தொடங்கியதற்கும் இடக்கணக்குதான் காரணம். அந்த நகரம் நாட்டின் மக்கள்தொகைக்கு ஏறக்குறைய நடுவில் இருந்தது, மோசமான வானிலையால் விமான நிலையம் மூடப்படுவதும் அரிது. விமானமானாலும் லாரியானாலும் பார்ப்பது ஒன்றுதான்.

வேலைவாய்ப்பு ஆயிரக்கணக்கில் வரும் என்கிறார்கள். நம்பலாமா?

என்ன மையம் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டு ஆர்டரையும் தனித்தனியாக எடுத்துப் பொதி கட்டும் மையத்துக்கு ஆள் நிறைய வேண்டும். பொதிகளைப் பிரித்தனுப்பும் மையத்தில் அதைவிடக் குறைவு, அதிலும் பலர் பகுதிநேரம். கடைகளுக்குப் பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) பேலட்டாகச் சரக்கு அனுப்பும் மையம் பரப்பில் பெரிதாக இருக்கும், ஆட்கள் கொஞ்சமாகத்தான் இருப்பார்கள். இயந்திர அலமாரிகள் வைத்தால் இன்னும் குறையும்.

எண்ணிக்கையைவிட, வேலைக்கு வருபவர்கள் எத்தனை மாதம் நிற்கிறார்கள் என்பது முக்கியம். அமேசானின் மணிக்கூலி ஊழியர்கள் மாறும் விகிதம் ஆண்டுக்குச் சுமார் 150 விழுக்காடு என்று 2021இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 1,000 பேர் வேலை செய்யும் இடத்தில் அந்த விகிதம் என்றால் ஆண்டுக்கு 1,500 புதிய ஆட்களைத் தேட வேண்டும். முக்கால் மணி நேரப் பயணத்துக்குள் அத்தனை பேர் உங்கள் பகுதியில் இருக்கிறார்களா என்பதைத்தான் நிறுவனமும் பார்க்கும்.

ஆள் பற்றாக்குறைக்கு அமெரிக்காவின் லூயிவில் நகரம் கண்ட வழி கவனிக்கத்தக்கது. பொதி அனுப்பும் நிறுவனமான யூபிஎஸ் அங்கே இரவில் பொதி பிரிக்கும் வேலைக்கு ஆள் கிடைக்காமல் திணறியபோது, 1998இல் மாநிலமும் நகரமும் நிறுவனமும் சேர்ந்து மெட்ரோபாலிட்டன் காலேஜ் என்ற திட்டத்தைத் தொடங்கின. இரவு ஷிப்டில் வேலை செய்தால் கல்லூரிக் கட்டணம் கட்டப்படும். வரியைக் குறைத்திருந்தால் ஒரு மாணவன்கூட நள்ளிரவில் வேலைக்கு வந்திருக்க மாட்டான்.

நாளுக்கு 400 லாரி வந்தால் எங்கள் சாலை தாங்குமா?

இப்போதிருக்கும் சாலை தாங்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிச் செய்த ஆஷோ (AASHO) சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி இன்றும் பயன்படுகிறது: சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் (சுமையை நான்கு முறை பெருக்கிய அளவில்) ஏறும். ஒரு டன் அச்சுச் சுமை உள்ள காரோடு ஒப்பிட்டால், 10 டன் அச்சு ஒருமுறை கடப்பது 10,000 மடங்கு தேய்மானம். போக்குவரத்துக் கணக்கெடுப்பில் ஒரு லாரியை இரண்டு மூன்று கார்களுக்குச் சமம் என்று எழுதுவது நெரிசலுக்கு மட்டும் பொருந்தும். அதே எண்ணை வைத்துத் தார்ச்சாலையின் கனத்தைத் தீர்மானித்துவிட்டால் இரண்டே மழைக்காலத்தில் சக்கரத்தடம் பள்ளமாகிவிடும்.

இன்னொரு இடம் வாயில். பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு லாரியின் ஆவணம், முத்திரை, ஓட்டுநர் விவரம் எல்லாம் சரிபார்க்க 3 நிமிடம் ஆகிறதென்றால், ஒரு வழியில் மணிக்கு 20 லாரிதான் உள்ளே போகும். காலை உச்ச மணியில் 60 லாரி வந்தால் மூன்று வழி வேண்டும். இரண்டுதான் கட்டினார்கள் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் 20 லாரி வெளியே தேங்கும். லாரிக்கு 20 மீட்டர் வீதம் 400 மீட்டர் வரிசை, பொதுச்சாலையில். ஆகவே வரைபட அனுமதி தரும்போதே, வாயிலை மனைக்குள் எத்தனை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று நிபந்தனையாக எழுதிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு வாயிலை நகர்த்த முடியாது.

மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் உறுதி கொடுத்துவிட்டோம். அது போதுமா?

வாய்மொழி உறுதி செல்லாது. எத்தனை மெகாவாட், எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து, எந்தத் தேதிக்குள் என்று மின்வாரியத்தின் கடிதம் வேண்டும். விளக்கும் சாதாரணக் கன்வேயரும் மட்டுமென்றால் தேவை கொஞ்சம்தான். குளிர்பதனமோ, மின்சார வேன்களுக்கு சார்ஜரோ வந்தால் கதையே வேறு. 100 வேன்களுக்கு 7 கிலோவாட் சார்ஜரை ஒரே நேரத்தில் போட்டால் அதற்கே 700 கிலோவாட். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஓராண்டுக்கு மேலாகலாம். கட்டடம் எழும்பி மின்சாரத்துக்காகக் காத்துக் கிடப்பது அப்படித்தான்.

தண்ணீரில் குடிநீரைவிடத் தீயணைப்புக்குத்தான் தேவை அதிகம். 30 அடி உயரக் கூரையின் கீழ் 25 அடி வரை அடுக்கும் கிடங்கில், கூரையில் பொருத்தும் விரைவு நீர்த் தெளிப்பான்கள் 12 ஒரே நேரத்தில் திறப்பதாகக் கொண்டு கணக்கிடுவது ஒரு வழக்கமான முறை. தீயணைப்புக் குழாயையும் சேர்த்தால் நிமிடத்துக்குச் சுமார் 5,400 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 3,25,000 லிட்டர். நகரக் குழாயில் அந்த வேகம் கிடைக்காவிட்டால் தொட்டியும் பம்பும் மனையிலேயே வைக்க வேண்டும். செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

எவ்வளவு சலுகை கொடுத்தால் வருவார்கள்? பக்கத்து நகரம் எங்களைவிட அதிகம் தருகிறதாம்.

அமேசான் தனது இரண்டாவது தலைமையகத்துக்கு 2017இல் நகரங்களை அழைத்தபோது 238 விண்ணப்பங்கள் வந்தன. மேரிலாந்து மாநிலம் 850 கோடி டாலர் வரையும் நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரம் 700 கோடி டாலர் வரையும் தர முன்வந்தன. 2018இல் தேர்வான, வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனுக்காக அறிவிக்கப்பட்ட நேரடிச் சலுகை 57.3 கோடி டாலர்தான். அது அலுவலகம், கிடங்கு அல்ல. ஆனாலும் அதிகம் தருபவர்தான் ஜெயிப்பார் என்பது சரியல்ல என்று புரிந்துகொள்ள இது போதும்.

தருவதென்றால் வேலை நடந்த பிறகு கொடுங்கள். மின்னணுச் சாதன நிறுவனமான ஃபாக்ஸ்கானின் ஆலைக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017இல் 13,000 வேலைகளை எதிர்பார்த்துச் சுமார் 285 கோடி டாலர் வரிச்சலுகை அறிவித்தது. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வேலை 1,454 ஆகவும், சலுகை அதிகபட்சம் 8 கோடி டாலராகவும் சுருங்கியது. வேலையும் முதலீடும் நடந்தால்தான் பணம் என்று எழுதியிருந்ததால் மாநிலம் அதிகம் இழக்கவில்லை. மாட்டிக்கொண்டது மவுண்ட் ப்ளெசன்ட் என்ற சிறிய உள்ளாட்சி. நிலத்துக்கும் சாலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அது முன்கூட்டியே கடன் வாங்கிச் செலவழித்திருந்தது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை சில. 'வேலை' என்றால் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உள்ள முழுநேர வேலையா, ஒப்பந்ததாரரின் ஆட்களும் கணக்கா? எந்தத் தேதியில், எந்த ஆவணத்தை வைத்து எண்ணுவது? குறைந்தால் எந்த விகிதத்தில் திருப்பித் தர வேண்டும்? கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அந்தப் பெரிய நிறுவனம் அல்ல என்பதையும் பாருங்கள். சொத்தே இல்லாத ஒரு துணை நிறுவனமோ, கட்டடத்தைக் கட்டி வாடகைக்கு விடும் டெவலப்பரோ போடுவார்கள். தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லாவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறும் விதி வெறும் காகிதம். குத்தகை 10 ஆண்டு, வரிவிலக்கு 20 ஆண்டு என்று இருந்தால், நிறுவனம் காலி செய்த பிறகும் கட்டட உரிமையாளர் விலக்கை அனுபவிப்பார்.

நகரம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் சாலைச் சந்திப்பு, தண்ணீர்க் குழாய், ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஏற்ற பேருந்து ஆகியவற்றில் செலவழிக்கலாம். இவர் வராவிட்டாலும் அடுத்தவருக்கு உதவும்.

வீட்டிலிருந்து 150 மீட்டரில் மனை. இரவில் தூங்க முடியுமா?

லாரி மேடைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைப் பொறுத்தது. கட்டடத்தையே தடுப்பாக்கி மேடைகளை மறுபக்கம் வைத்தால் பாதித் தொல்லை தீரும். பின்னால் வரும்போது 'பீப்' என்று கத்தும் ஒலிப்பானுக்குப் பதில் 'ஷ்ஷ்' என்று இரையும் வகையைக் கேளுங்கள், அது தூரம் போகாது. குளிர்பதன டிரெய்லர்களை இரவு முழுக்க என்ஜினில் ஓட விடாமல், நிறுத்துமிடத்தில் மின்இணைப்பு தர வைக்க வேண்டும். இவற்றை அனுமதிக்கு முன் நடக்கும் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பத்து நாள் அவகாசம். என்ன அனுப்புவது?

எல்லை அளந்த வரைபடம், உயரக்கோடுகள், மண் அறிக்கை, வெள்ள அளவு, உரிமை ஆவணங்கள், நில வகைப்பாடு, மின்சாரம் – தண்ணீர் – கழிவுநீர்க் கடிதங்கள், அருகிலுள்ள சந்திப்பின் போக்குவரத்துக் கணக்கு, முக்கால் மணிப் பயணத்துக்குள் வேலை தேடுவோர் எண்ணிக்கையும் நடைமுறைக் கூலியும், கட்டட அனுமதிக்கு ஆகும் உண்மையான நாள் கணக்கு. இவற்றில் பாதியைப் பத்து நாளில் புதிதாகத் தயாரிக்க முடியாது, மண் அறிக்கைக்கே வாரக்கணக்கில் ஆகும். கையில் இல்லாததை 'இல்லை, இந்தத் தேதிக்குள் வரும்' என்று எழுதுங்கள். மேயரின் வரவேற்புரையும் ஏரியின் வண்ணப்படமும் கொண்ட கையேட்டைச் சேர்க்க வேண்டாம். அதை யாரும் திறப்பதில்லை.