புண் ஆறின பிறகும் வேலை இருக்கு

இம்முறை எழுதியிருப்பவர்கள் நோயாளிகள் அல்லர். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்.

அம்மாவின் உள்கரண்டைக்கு மேலே வந்த புண் நாலு மாதம் மருந்து கட்டி ஆறியது. இது மூன்றாவது தடவை. கிளினிக்கில் சொன்ன இறுக்கமான ஸ்டொக்கிங்கை வெக்கைக்குள் போடமாட்டேன் என்கிறா. ஆறின காலுக்கு அது எதற்கு? – ஆரையம்பதி வாசகி

ஆறியது தோல் மட்டும்தான், பழுது நாளத்தில் இருக்கிறது. நாளத்து வால்வுகள் தளர்ந்தால் இரத்தம் மேலே ஏறாமல் காலில் தேங்கும். கால் வீங்கும், தோல் கறுத்து இறுகும். பிறகு நுளம்புக்கடியைச் சொறிந்தாலே போதும், புண் உடைந்துவிடும்.

காலையில் அம்மா கட்டிலை விட்டு இறங்குமுன், வீக்கம் ஏறாத நேரத்தில் போட்டுவிடுங்கள். குதிவரை உட்புறம் வெளியே பிரட்டி, குதியைப் பொருத்திய பிறகு மேலே ஏற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டால் பிடி வழுக்காது. சுருக்கம் விடாதீர்கள். நீளம் கூடினால் மேல்விளிம்பை மடிப்பது பலரும் செய்யும் பிழை. அது கயிறு கட்டினதுபோல் இறுக்கும். இரவில் கழற்றி, தோலுக்கு வசலின் பூசி, காலை நெஞ்சுமட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். இரண்டு சோடி வைத்து மாற்றிப் போட்டாலும் ஆறு மாதமளவில் இழுவை போய்விடும். புதிது வாங்கத்தான் வேண்டும்.

வெக்கை உண்மைதான். சண்டை பிடிக்காமல், அழுத்தம் குறைந்த ஒன்றைத் தரச்சொல்லி கிளினிக்கில் கேளுங்கள். அலுமாரிக்குள் கிடக்கும் நல்ல காலுறையால் என்ன பயன்? ஆனால் காலின் நாடியோட்டத்தைப் பரிசோதிக்காமல் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தால், வலி கூடினால், உடனே கழற்றி வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாப்பாவுக்கு சீனி வருத்தம், பாதம் விறைப்பு. ஆணிக்காலை பிளேட்டால் சீவுகிறார். – அக்கரைப்பற்று வாசகி

முதலில் பிளேட்டை ஒளித்துவையுங்கள். ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் தோலை அரிக்கும். தொழுகைக்காகக் கால் கழுவி வுழுச் செய்த ஒவ்வொரு தடவையும் விரலிடுக்குகளை ஒற்றித் துடைக்கச் சொல்லுங்கள். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு நீங்களே போன் லைட்டைப் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டால் எது சூடு என்று தெரியும். ஒரு பாதம் மட்டும் சூடாகவோ சிவந்தோ இருந்தால், கொப்புளமோ சீழோ கண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலி இல்லை என்று வாப்பா சொல்வதை நம்பாதீர்கள். அவருக்கு வலி தெரியாததுதான் வருத்தமே.

சீனி உள்ள அப்பாவுக்குப் போன வருடம் பெருவிரலில் புண். இப்போது உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு நடந்துபோக நேர்த்தியாம்.

வேண்டாம். விறைத்த காலுக்கு மணல் சுடுவதும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. நானறிய முருகன் பஸ்ஸில் வந்தவரைத் திருப்பி அனுப்பியதில்லை. பிடிவாதமாகப் போவாரென்றால் மூடின சப்பாத்தோடு போகட்டும். தங்குமிடந்தோறும் காலைக் கழுவிப் பார்க்க நீங்களும் கூடப் போங்கள். பாண்டிருப்புத் தீமிதிப்புப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.