கேளுங்கள், சொல்கிறோம்: கடலோர மலை ஊரில் காலாற ஒரு சுற்று

கேள்வி: அரையாண்டு லீவுக்கு விசாகப்பட்டினம் போகிறோம். நாங்கள் இருவர், 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அவர்களின் அப்பத்தா. காரில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிட்டு வர இஷ்டமில்லை. நடந்தே பார்க்க முடியுமா? - வாசகி, அண்ணாநகர், மதுரை

தாராளமாக முடியும். ஆனால் ஒரு காலைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலிருந்து வடக்கே பீமிலி என்ற ஊர் வரை கடற்கரைச் சாலை ஏறக்குறைய 30 கி.மீ. நீள்கிறது. அதை ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மறுபடியும் காரில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

முதல் நாள் ராமகிருஷ்ணா கடற்கரை. சமதளம் என்பதால் அப்பத்தாவும் உங்களோடு நடக்கலாம். அங்கேதான் கரையேற்றி வைத்த குர்சுரா நீர்மூழ்கி இருக்கிறது. 1969-ல் கடற்படையில் சேர்ந்து 2001-ல் ஓய்வு பெற்ற கப்பல், 91 மீட்டர் நீளம். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டக் கதவு வழியே குனிந்து, காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். அப்பத்தா எதிரே இருக்கும் விமான அருங்காட்சியகப் பக்கம் உட்கார்ந்திருக்கட்டும். குர்சுராவுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

இரண்டாம் நாள் கைலாசகிரி. ரோப் காரில் ஏறிவிட்டுப் படியில் இறங்கலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள். படியில் ஏறினால் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். படியில் இறங்கிப் பிடித்துக்கொண்ட தொடை இரண்டு நாளுக்கு விடாது. அப்பத்தாவுக்குப் போகவரவே ரோப் கார்தான். காற்று பலமாக இருந்தால் அதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஏறும் முன்பே கீழே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவன் படிகளை எண்ணிக்கொண்டே வரட்டும், சின்னவன் ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் எந்தப் பக்கம் என்று கைகாட்டட்டும். உச்சிக்குப் போனதும் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் டால்பின் மூக்கு மலையை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு முதல் ஐஸ்கிரீம்.

மூன்றாம் நாள் பழைய ஊர். துறைமுகத்தை ஒட்டி, அடுத்தடுத்த மூன்று குன்றுகளில் மாதா கோயில், தர்கா, வெங்கடேசுவரர் கோயில் மூன்றும் இருக்கின்றன. எதை முதலில் ஏறுவது என்பதைப் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யட்டும். இந்த ஊரை மலையும் துறைமுகமும் சேர்ந்து எப்படி வளைத்துப் பிடித்திருக்கின்றன என்பது இங்கே நடந்தால்தான் புரியும்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் பீமிலிக்கு முன்னால் வரும் செம்மண் மேடுகளுக்கு ஆட்டோ பிடியுங்கள். மழைநீர் அரித்த பள்ளங்களின் தரையில் மட்டும் நடக்க வேண்டும். விளிம்பில் ஏறினால் மண் சரியும். அது பாதுகாக்கப்பட்ட புவியியல் சின்னமும்கூட.

கேள்வி: மலை ஏறும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. இறங்கிய மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. இதே மாதிரி ஒரு பயணத்துக்குக் கிளம்ப ஆறு வாரம் இருக்கிறது. மதுரையில் எங்கே பழகலாம்? - வாசகர், ஒத்தக்கடை

இறங்கும்போது தொடையின் முன்பக்கச் சதை உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத சதையில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒரு தடவை அளவாக இறங்கிப் பழகிய சதை, அடுத்த சில வாரங்களுக்கு அந்த அளவு வலிக்காது. ஆகவே நீங்கள் பழக வேண்டியது இறக்கத்தைத்தான்.

முதல் இரண்டு வாரம் வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்று சுமார் 1.2 கி.மீ. வரும். காலையில் மூன்று சுற்றில் ஆரம்பித்து ஐந்துக்குக் கொண்டுபோங்கள். அதன் பிறகு வாரம் ஒரு நாள் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்துத் தாமரைக் குளம், அய்யனார் கோயில் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறுகின்றன. முதல் வாரம் ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும். அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்து மூன்று. கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரம் மலையை விட்டுவிட்டு வெறும் நடை மட்டும்.

இறங்கும் முறை முக்கியம். எடுத்து வைக்கும் அடி சிறியதாக, முழங்கால் லேசாக மடங்கியிருக்க, பாதம் முழுதும் பாறையில் படிய வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றினால் வழுக்கும், முழங்காலும் அதிரும். சரிந்த பாறையில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள், இறங்கும் முன் கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்குங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் கறுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த பாறை மேல் ஏறவே வேண்டாம். வெயில் நாளில் ஆறு மணிக்கே ஏறி, பாறை சுடும் முன் இறங்கிவிடுங்கள். பேச்சிப்பள்ளத்துச் சமணச் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை, கை வைக்காதீர்கள்.

மாறுதலுக்கு அரிட்டாபட்டி போகலாம். 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்தப் பாறைகளில் வல்லூறுகள் வாழ்கின்றன, போனில் பாட்டுப் போடாமல் நடங்கள்.

கேள்வி: நண்பர்களோடு விசாகப்பட்டினக் கடற்கரைச் சாலையில் வாடகை சைக்கிள் ஓட்ட ஆசை. ஆனால் ஏற்றத்தில் எனக்கு எப்போதும் செயின் கழன்றுவிடுகிறது. என்ன செய்யலாம்? - கல்லூரி மாணவர், திருமங்கலம்

ஏற்றத்தின் நடுவில், அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். மேடு தொடங்கப் பத்து மீட்டர் இருக்கும்போதே, முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கும் பின்னால் பெரியதற்கும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பெடலை லேசாகச் சுற்றினால் போதும். கியர் இல்லாத சைக்கிளில் செயின் தொய்வுதான் குற்றவாளி. நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் பின் சக்கரத்தை இரு பக்கமும் சமமாகப் பின்னுக்கு இழுத்து நட்டை முறுக்கச் சொல்லுங்கள்.

எடுக்கும்போதே சீட்டைச் சரிபாருங்கள்: பெடல் அடியில் இருக்கையில், அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக இருக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள். புதியவர்களுக்கு ராமகிருஷ்ணா கடற்கரையிலிருந்து ருஷிகொண்டா கடற்கரை வரை போதும். போக 10 கி.மீ., வர 10 கி.மீ. கடற்காற்றைக் கவனித்து, எதிர்க்காற்றில் போய்ப் பின்காற்றில் திரும்புங்கள்.

கேள்வி: கடலில் இறங்கலாமா? - வாசகி, மேலூர்

ராமகிருஷ்ணா கடற்கரையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். உள்ளிழுப்பு பலம், உயிர்ப்பலிகள் நடந்த இடம். குளிக்க வேண்டுமானால் ருஷிகொண்டாவில், உயிர்காப்பாளர் நிற்கும் பகுதிக்குள் மட்டும். மங்கமாரிப்பேட்டையில் இருக்கும் இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க, கடல் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், வற்றிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்புங்கள். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது.

கேள்வி: விசாகப்பட்டினத்தை ஒட்டிய சிம்மாசலம் மலைக் கோயிலுக்குப் படியேறிப் போகலாமா? - வாசகர், சோழவந்தான்

போகலாம், ஆயிரம் படிகளுக்கு மேல் இருக்கும். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்து 1098-99 வாக்கிலான கல்வெட்டு அந்தக் கோயிலில் உண்டு. ஆனி, ஆடி வாக்கில் வரும் ஆஷாட பௌர்ணமியை ஒட்டி மலையைச் சுற்றி 32 கி.மீ. கிரிவலம் நடக்கும். சாதாரண நாளில் விடிகாலையில் ஏறுங்கள். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டருக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், குறைந்த நீரில் கரைத்தால் உப்பு கூடிவிடும். இறங்குவதற்கு மேலேயிருந்து பஸ் உண்டு.